கறுப்பின வரலாறும் நம் ஊர் நீலத்துணியும்

அமெரிக்க வரலாற்றறிஞர் கார்ட்டர் ஜி. உட்சன் 1926ஆம் ஆண்டு பிப்ரவரியில் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பேசுவதற்கென ஒரு வாரத்தை ஒதுக்கினார். பாடநூல்களில் தம் மக்களுக்கு இடமில்லை என்பதே அவருடைய முறையீடு. ஆபிரகாம் லிங்கன், பிரெடரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்தநாள்களும் வருகின்ற வாரம் என்பதால் அதைத் தேர்ந்தார். அந்த வாரம் 1976இல் மாதமாக விரிந்தது. பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர் மாதம் அவ்வாறு கொண்டாடப்படுகிறது. அதன் எதிரொலி நம் கல்லூரிகளையும் எட்டியிருக்கிறது. ஆங்கிலத் துறைகள் சுவரொட்டிப் போட்டி வைக்கின்றன. மார்ட்டின் லூதர் கிங்கின் உரையை மாணவர் ஒருவர் ஒப்பிக்கிறார். மண்டேலா, ஒபாமா ஆகியோரின் படங்கள் மேடையை அலங்கரிக்கின்றன. தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டு, நன்றியுரையுடன் விழா நிறைவுறுகிறது.

இதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. நம் மாணவர் உலகின் துயரங்களையும் வெற்றிகளையும் அறிவது நல்லதே. ஆயினும் புதுச்சேரியில் இத்தகைய விழா நடக்கும்போது ஒரு கேள்வி எழ வேண்டும், அது எழுவதில்லை. இந்த வரலாற்றில் நம் ஊர் எங்கே நிற்கிறது என்பதே அக்கேள்வி. கறுப்பின வரலாறு எங்கோ மிசிசிப்பி ஆற்றங்கரையில் நடந்த கதை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது நம் வீட்டுத் திண்ணையைத் தொட்டுச் சென்ற வரலாறு என்பதை எடுத்துக் கூறவே இக்கட்டுரை.

நாம் வாழும் மேட்டுப்பாளையம் நீலகிரி அடிவாரத்து ஊரன்று. புதுச்சேரியின் தொழிற்பேட்டைப் பகுதி. லாரிகள் வந்து நிற்பதும் சரக்கேற்றிப் போவதும் இங்கே அன்றாடக் காட்சி. மூட்டை ஏற்றும் தொழிலாளிக்கு அது போய்ச் சேரும் ஊர் பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் அவுரிச் சாயத் தொட்டியில் கை நனைத்தவர்களின் நிலையும் இதுவாகவே இருந்திருக்கும். அவர்கள் தோய்த்தெடுத்த கருநீலத் துணியைப் பிரெஞ்சுக்காரர் 'கினே' என்று அழைத்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கரையைக் குறிக்கும் பெயர் அது. துணி போய்ச் சேரும் கரையே அதற்குப் பெயராயிற்று. நெய்தவனின் ஊரோ சாயமிட்டவனின் ஊரோ அப்பெயரில் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் துணிகள் பிரான்சின் துறைமுகங்களுக்குச் சென்று, அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பலேறின. அங்கே அவை மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. அவ்வாறு வாங்கப்பட்டவர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அடிமை வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்ட பிறகும் கினே துணியின் பயணம் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனெகல் ஆற்றங்கரையில் வேலமரப் பிசினுக்கு மாற்றாக அது வழங்கிற்று. ஐரோப்பியத் துணி ஆலைகளுக்கு அப்பிசின் இன்றியமையாத பொருள். ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள ஒரு கினே துண்டு அந்த ஆற்றங்கரையில் நாணயமாகவே புழங்கிற்று. வணிகர்கள் கணக்கையும் கடனையும் அதைக் கொண்டே எழுதினர். போலிச் சரக்கு பெருகிய காரணத்தால் துணியின் தரத்தை வரையறுத்து 1843இல் பிரெஞ்சு அரசு ஆணையே பிறப்பித்தது. ஆற்றின் வடகரையில் அந்தப் பிசினைச் சேகரித்தவர்களுள் பெரும்பாலோர் அடிமைகள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

நெசவாளியும் சாயக்காரரும் குற்றவாளிகளா என்று கேட்கலாம். அல்லர். தரகருக்கும் கும்பெனிக்கும் இடையில் நசுங்கிய ஏழைகள் அவர்கள். ஆனால் குற்றம் சுமத்துவது வேறு, அறிந்திருப்பது வேறு. நம் முன்னோர் செய்த பொருள் என்ன ஆயிற்று என்று அறியும் கடமையிலிருந்து அவர்களுடைய வறுமை நமக்கு விடுதலை தந்துவிடாது.

துணி மட்டும் போய் வரவில்லை. மனிதர்களும் போயினர், வந்தனர். 1746இல் சென்னையைக் கைப்பற்றிய லபூர்தொனேயின் படையில் மொரீசியஸ் தீவிலிருந்து அழைத்து வரப்பட்ட ஆப்பிரிக்க வீரர்கள் இருந்தனர். அக்காலத் தமிழில் அவர்களுக்குக் 'காப்பிரிகள்' என்று பெயர். அரபுச் சொல் ஒன்று போர்த்துகீசியர் வாய்வழியே தமிழுக்கு வந்து, ஒரு மக்களினத்தின் மேல் ஒட்டிக்கொண்ட கதை அது. இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிற்றூரில் அவ்வாறு அழைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம் பாட்டையும் ஆட்டத்தையும் காத்து வருகின்றனர். புதுவையில் அத்தகைய நினைவு எதுவும் எஞ்சவில்லை. சொல் மட்டும் அகராதியில் தங்கிவிட்டது.

நம்மவரும் விற்கப்பட்டனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுப் பகுதியைப் புரட்டினால், ஏழை மக்களை ஆசைகாட்டி அழைத்துச் சென்று அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தி கிடைக்கிறது. வேலை கிடைக்கும் என்று நம்பிச் சென்றவர்கள் அவர்கள். பிரெஞ்சுத் தீவுகளில் ஆப்பிரிக்கரும் மலகாசியரும் தமிழரும் ஒரே கொட்டடியில் கிடந்த காலம் அது. பிள்ளையின் நாட்குறிப்பைத் தமிழ் உரைநடை வரலாற்றின் ஒரு படியாகவே நாம் வகுப்பில் நடத்துகிறோம். பேச்சுவழக்குச் சொற்களைப் பட்டியலிடுகிறோம். அதற்குள் கிடக்கும் இந்த மனிதர்களை ஏன் தாண்டிச் செல்கிறோம்?

கல்வி நிலையங்களும் இவ்வரலாற்றுக்குப் புறத்தே நிற்கவில்லை. புதுவையின் பழைய பிரெஞ்சுக் கல்லூரி 1826இல் தொடங்கப்பட்டது. இன்றைய பிரெஞ்சு லிசே அதன் தொடர்ச்சியே. அதைத் தொடங்கிய ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன், பூர்போன் தீவில் அடிமைகளைக் கொண்டு பெருந்தோட்டங்களை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். பூர்போன் என்பது இன்றைய ரீயூனியன். அத்தீவில் அடிமைமுறை 1848இல்தான் ஒழிந்தது. ஒரு கையால் பள்ளி திறந்த குடும்பம் மறு கையால் மனிதரை உடைமையாக வைத்திருந்தது. இரண்டும் உண்மையே, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

1848க்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறத் தொடங்கினர். அந்த வெற்றிடத்தை நிரப்பப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூலிகளாகத் தமிழர் கப்பலேறினர். மர்த்தினிக் தீவுக்கு 1853இலும் குவாதலூப் தீவுக்கு 1854இலும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். கூலியைக் குறைப்பதற்கென்று கொண்டு வரப்பட்டவர்கள் என்பதால் கறுப்பர் அவர்களை ஐயத்துடன் நோக்கினர். தமிழரும் கறுப்பரைத் தாழ்வாகவே கருதினர். இரு ஏழைகளை எதிரெதிரே நிறுத்துவது முதலாளிக்கு எப்போதும் எளிது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களுக்காகப் புதுவையில் வாழ்ந்த பாரதி உருகினார். அந்தத் தோட்டங்களில் நம்மவர்க்கு முன்பே வேறு மக்கள் வாடிய தீவுகளும் இருந்தன என்பதை அடுத்த பாடமாக நாம் சேர்க்கவில்லை.

இங்கே செங்கோரை நினைவுகூர வேண்டும். லெயோபோல்ட் செதார் செங்கோர், மர்த்தினிக்கின் எமே செசேர், கயானாவின் லெயோன் தமாஸ் ஆகிய மூவரும் 1930களில் பாரிசில் மாணவராக இருந்தபோது, கறுப்பை இழிவாகக் காட்டிய பிரெஞ்சு மொழியிலேயே கறுப்பின் பெருமையை எழுதினர். 'நெக்ரித்யூத்' என்று அவ்வியக்கம் பெயர்பெற்றது. பின்னர் செனெகலின் முதல் குடியரசுத் தலைவரான செங்கோர் 1974இல் சென்னைக்கு வந்து, திராவிடருக்கும் ஆப்பிரிக்கருக்கும் உள்ள உறவைப் பற்றி உரையாற்றினார். டாக்கர் பல்கலைக்கழகத்தில் அவ்வாய்வுக்கென்றே ஒரு துறை அமைந்தது. பேராசிரியர் க.ப. அறவாணன் அங்குச் சென்று பணியாற்றினார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்தார்.

செங்கோரின் மொழியுறவுக் கருத்தை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சில சொற்களின் ஒலி ஒப்புமையை வைத்து இரு மொழிக் குடும்பங்களை ஒன்றெனக் கூறிவிட முடியாது. ஆயினும் ஒரு நாட்டின் தலைவர் நம்மை உறவென்று அழைத்த அந்த அன்பு பெரிது. நம் கருத்து இதுதான்: ஆப்பிரிக்கரும் நாமும் இரத்த உறவினரா என்ற ஐயத்துக்குரிய கேள்வியைவிட, நீலத்துணியும் கூலிக் கப்பலும் கட்டிய உறவு உறுதியானது. அது ஆவணத்தில் இருக்கிறது. பெருமை தராத உறவு என்பதால் அதை நாம் தேடவில்லை.

இலக்கியத்தில் நாம் அவ்வளவு பின்தங்கியவர்கள் அல்லர். இந்திரன் மொழிபெயர்த்த 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' 1982இல் வெளிவந்து, சிற்றிதழ் வாசகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. அவரே பின்னாளில் 'பிணத்தை எரித்தே வெளிச்சம்' என்ற தலித் இலக்கியத் தொகுப்பையும் தந்தார். இவ்விரண்டு நூல்களையும் இணைக்கும் கோடு தற்செயலானதன்று. சினுவா அச்செபேயின் நாவல் என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என வந்தது. கூகி வா தியாங்கோவின் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' தமிழில் உண்டு. அலெக்ஸ் ஹேலியின் 'ஏழு தலைமுறைகள்' எத்தனையோ இல்லங்களில் படிக்கப்பட்டிருக்கிறது. எனினும் கறுப்பின இலக்கியம் கல்லூரியில் ஆங்கிலத் துறையின் ஒரு விருப்பப் பாடமாகவே ஒதுங்கியிருக்கிறது. தமிழ்த் துறை வாயிலுக்குள் அது நுழைவதில்லை.

அந்தக் கோட்டைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்ததைக் கண்டு, அந்நாட்டு மக்களுக்கே தம் 'குலாம்கிரி' நூலை 1873இல் ஜோதிராவ் பூலே காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்சும் மறுமொழி அனுப்பினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரைப் பெற்றது. நம் நாட்டில் கறுப்பின வரலாற்றை முதலில் தமதென்று உணர்ந்தவர்கள் சாதியால் ஒடுக்கப்பட்டோரே. அவர்களை விட்டுவிட்டு அவ்வரலாற்றைக் கொண்டாடுவது, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு விருந்துண்பது போன்றது. அமெரிக்கப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததைக் கைதட்டி வரவேற்கும் அரங்கம், நம் ஊர்த் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையைப் பற்றிப் பேச்செழுந்தால் மௌனமாகிவிடுகிறது.

தோலின் நிறத்தைப் பற்றியும் நமக்கு உறுத்தல் வேண்டும். 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என மாற்றிக்கொண்டது. களிம்பின் பெயர் மாறிற்று. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் மாறவில்லை. 2016இல் தில்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2017இல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர் கூட்டமாகத் தாக்கப்பட்டனர். இவை வடக்கே நடந்தவை என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. கறுத்த மாணவனுக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்கும் வகுப்பறை இங்கும் உண்டு. அச்சிரிப்பில் ஆசிரியர் கலந்துகொள்வதும் உண்டு.

ஆகவே விழாவை நிறுத்தச் சொல்லவில்லை; அதன் உள்ளீட்டை மாற்றச் சொல்கிறோம். சுவரொட்டிப் போட்டிக்கு மாற்றாக, மாணவரை ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் பிள்ளையின் மாளிகைக்கு அழைத்துச் சென்று, 1743ஆம் ஆண்டுப் பதிவை அங்கே வாய்விட்டுப் படிக்கச் செய்யலாம். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், வரலாறு ஆகிய துறைகள் ஒரே மேசையில் அமர்ந்து கினே துணியின் வழித்தடத்தை ஒரு வரைபடமாக வரையலாம். நம் மாணவரிடையே ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் சங்கொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களின் பெற்றோர். துணி என்றால் என்ன என்பதை அவ்வீடுகளில் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். செசேரையும் அச்செபேயையும் தமிழில் படித்து, ஒரு தலித் கவிதையோடு பக்கத்தில் வைத்து விவாதிக்கலாம். ஆப்பிரிக்க மாணவர் எவரேனும் அருகில் பயில்வாராயின், அவரை ஆடச் சொல்லாமல் பேசச் சொல்லலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பருவத்தின் சில பாடவேளைகள் போதும்.

தம் மக்களின் வரலாறு பாடநூலில் இல்லை என்பதற்காக உட்சன் ஒரு வாரத்தைக் கேட்டார். நூறாண்டுகள் ஆயின. நம் சாயத்தொட்டிக்காரர்களின் வரலாறும், கப்பலேறிய நம் ஏழைகளின் வரலாறும் நம் பாடநூலில் இன்னும் இல்லை. அவற்றைத் தேடி எடுக்கும் நாளில், மேடையில் தொங்கும் படங்களில் உள்ளவர்களை அயலார் என்று நம் மாணவர் கருத மாட்டார்கள்.