தாளில் காரணமும் இருக்கட்டும்

தைராய்டு நோய்க்காகக் கதிரியக்க அயோடின் அருந்தி வீடு திரும்பும் நோயாளியின் கையில் ஓர் அறிவுரைத் தாள் இருக்கும். தனி அறையில் உறங்கவும், குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், தண்ணீர் நிறையப் பருகவும், கழிப்பறையில் இருமுறை நீர் விடவும் என்று கட்டளைகள் வரிசையாக நிற்கும். ஏன் என்பதற்கு விடை மட்டும் பெரும்பாலும் அதில் இராது. அத்தகைய தாள்களின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து.

காரணம் அறியாத கட்டளை வீட்டிற்குள் இரண்டு விதமாகத் திரிந்து போகிறது. சில குடும்பங்களில் அச்சம் மிகுந்து, நோயாளியின் தட்டும் டம்ளரும் மாதக்கணக்கில் தனியே வைக்கப்படுகின்றன. அக்கம்பக்கத்தார் அதனைத் தொற்றுநோய் என்றே எண்ணிவிடுகின்றனர். வேறு சில வீடுகளிலோ, காய்ச்சலும் இல்லை வலியும் இல்லை என்பதால், மறுநாளே பேரக்குழந்தை பாட்டியின் மடியில் உறங்குகிறது. முன்னது வீண் துயரம். பின்னது உண்மையான தீங்கு. அயோடின் உடலுக்குள் எங்கே செல்கிறது, எவ்வழியே வெளியேறுகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்று அறிந்தவர்கள் இவ்விரண்டு பிழைகளையும் எளிதில் செய்யமாட்டார்கள்.

உடலுக்குள் அது செல்லும் இடம் ஊகித்துச் சொல்லப்பட்டதன்று, படமாகவே காணப்பட்டது. கறுப்புத் தாளில் பொதிந்த ஒளிப்படத் தகட்டை யுரேனியம் உப்பு கருக்கச் செய்ததை 1896-இல் பெக்கெரல் கண்டார். 1924-இல் பாரிசில் லக்கசாஞ் என்ற மருத்துவரும் லத்தேஸ் என்ற பெண் இயற்பியலாளரும் இதனை உடல் ஆய்வுக்குப் பயன்படுத்தினர். பொலோனியம் செலுத்தப்பட்ட விலங்குகளின் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி ஒளிப்படத் தகட்டின்மேல் வைத்தனர். பொலோனியம் எங்கெங்கே தங்கியிருந்ததோ அங்கெல்லாம் தகடு கருத்தது. திசுவுக்குள் இருக்கும் பொருளே தன் இருப்பிடத்தை வரைந்து காட்டும் இம்முறைக்கு ஆட்டோரேடியோகிராஃபி என்று பெயர்; தன்கதிர்ப்படம் என்று நாம் சொல்லலாம்.

அயோடின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இன்று சிகிச்சைக்குப் பயன்படும் அயோடின்-131, 1938-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சீபோர்க், லிவிங்குட் ஆகிய இருவரால் கண்டறியப்பட்டது. (சீபோர்கின் தாயாரே பின்னாளில் அதனால் குணமடைந்தார்.) அதே ஊரில் ஹாமில்டனும் அவருடைய கூட்டாளிகளும், தைராய்டு அறுவைக்குக் காத்திருந்த நோயாளிகளுக்கு முன்கூட்டியே சிறிதளவு கதிரியக்க அயோடின் கொடுத்தனர். அறுத்தெடுத்த சுரப்பியைச் சீவிப் படலத்தின்மேல் வைத்து, அயோடின் எந்தத் திசுவில் சேர்ந்தது, எதில் சேரவில்லை என்று பார்த்தனர். 1940-இல் அம்முடிவுகள் வெளியாயின. மறு ஆண்டு மார்ச் 31 அன்று பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், மிகைத் தைராய்டு நோயாளி ஒருவருக்கு இதனையே மருந்தாகக் கொடுத்தார். பொருள் செல்லும் இடம் தெரிந்த பின்னரே மருந்து வந்தது என்ற இவ்வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனித் தாளில் உள்ள கட்டளைகளை எடுத்துக்கொள்வோம். தைராய்டு சுரப்பிக்குச் சாதாரண அயோடினும் கதிரியக்க அயோடினும் ஒன்றே, வேறுபாடு தெரியாது. ஏற்கெனவே வயிறு நிறைந்தவன் பந்தியில் கைவைக்க மாட்டான் அல்லவா? சிகிச்சைக்கு முன் சிலருக்கு அயோடின் கலந்த உப்பையும் கடல்மீனையும் நிறுத்தச் சொல்வது சுரப்பியைப் பசியோடு வைக்கத்தான். அண்மையில் சாயமருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் சொல்லச் சொல்வதும் அதற்காகவே. அச்சாயத்தில் அயோடின் மிகுதி.

சுரப்பிக்குள் சென்ற அயோடின் இருவகைக் கதிர்களை வெளியிடுகிறது. பீட்டா கதிர் திசுவுக்குள் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும்; நோயுற்ற செல்களை அழிப்பது அதுதான். காமா கதிர் உடலைக் கடந்து வெளியே வரும். தூரம் கூடக் கூட அதன் வலிமை விரைவாகக் குறையும். ஆகவேதான் தனிப் படுக்கை. ஆகவேதான் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தடை. அறை வாயிலில் நின்று சற்று நேரம் பேசிவிட்டுப் போகும் மகளால் யாருக்கும் கேடில்லை.

சுரப்பி ஏற்காத அயோடின் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். தண்ணீர் பருகுவது, ஆண்களும் அமர்ந்தே சிறுநீர் கழிப்பது, இருமுறை நீர் விடுவது எல்லாம் இதன்பொருட்டே. உமிழ்நீரிலும் வியர்வையிலும் சிறிது வரும் என்பதால் சில நாள்களுக்குத் தட்டும் துண்டும் தனியே. தாய்ப்பாலிலும் அது சேரும். கருவிலுள்ள குழந்தையின் தைராய்டையும் அடையும். கருவுற்றிருக்கும் ஐயம் இருந்தாலோ, பாலூட்டிக்கொண்டிருந்தாலோ, மருந்து அருந்தும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அயோடின்-131 எட்டு நாள்களில் பாதியாகக் குறையும். அடுத்த எட்டு நாள்களில் அதிலும் பாதி. சிறுநீரில் கழிவதையும் சேர்த்தால் உடலில் இருப்பது இன்னும் விரைவாகக் குறையும். எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. உங்கள் மருத்துவர் குறித்த நாளே கணக்கு. அந்நாள் கடந்தபின் கழுவிய தட்டு மற்றத் தட்டுகளோடு அடுக்கில் சேரலாம்.

இவ்வளவும் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார், படிக்காதவருக்குப் புரியாது என்று மருத்துவத் துறையினர் சிலர் வாதிடுவதுண்டு. நான் உடன்படவில்லை. கதிர்வீச்சு என்ற சொல் முன்னமே பயமுறுத்திவிட்டது; நாம் மௌனமாக இருப்பதால் அது குறைவதில்லை. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு நீர் பாயும் என்று அறிந்த உழவருக்கு, அயோடின் கழுத்தில் தங்கிச் சிறுநீரில் கழிவது புரியாதா? ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் அரைவரிக் காரணம் அச்சிடுவதற்குச் செலவும் அதிகம் இல்லை.

சிகிச்சைக்குப் பின் எடுக்கும் ஸ்கேன் படத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்று திசுவை அறுத்துத் தகட்டில் வைக்கத் தேவையில்லை; வெளியேறும் காமா கதிரைக் கருவி படமாக்குகிறது. அடிவயிற்றில் ஒரு புள்ளியைப் பார்த்ததும் நோய் அங்கும் பரவிவிட்டது என்று கலங்குவோர் பலர். அநேகமாக அது சிறுநீர்ப்பையாகவோ குடலாகவோ இருக்கும். தாடையருகே தெரிபவை உமிழ்நீர்ச் சுரப்பிகள். எந்தப் புள்ளி எது என்று மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்பவரையும் அருகில் வைத்துக்கொண்டு பாருங்கள்.