பெயரைப் பார்த்துப் புள்ளி இடலாமா?



எஸ்.பி.எம். விடைத்தாளில் மாணவரின் பெயர் இருப்பதில்லை; எண்களே இருக்கும். திருத்துபவர் கையில் புள்ளி வழங்கும் திட்டம் இருக்கும். எந்தப் பள்ளி, எவர் பிள்ளை என்று அறியாமலேயே அவர் புள்ளி இடுகிறார். 17 வயதில் கிடைத்த இந்த நேர்மை, அதே பிள்ளை பட்டம் பெற்று வேலை தேடிச் செல்லும்போது எங்கே போய்விடுகிறது?

லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் ஆகிய இரு ஆய்வாளர்கள் நம் நாட்டில் ஓர் ஆய்வு நடத்தினர். பொறியியல், கணக்கியல் துறைகளில் 753 வேலை விளம்பரங்களுக்கு 3,012 புனைவு விண்ணப்பங்களை அனுப்பினர். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவை சீனப் பெயர்களில் 22.1 விழுக்காடு, மலாய்ப் பெயர்களில் 4.2 விழுக்காடு. முடிவுகள் 2016-இல் ஆய்விதழில் வெளிவந்தன. அவ்வாய்வில் இந்தியப் பெயர்கள் இடம்பெறவில்லை. ஆயினும், திறமையைக் காணும் முன்பே பெயர் எடை போடப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“என் நிறுவனம், எவரை எடுப்பது என்பது என் உரிமை” என்பர் முதலாளிமார். “மாண்டரின் பேசத் தெரிந்தவர் மட்டும்” என்று விளம்பரமும் செய்வர். சீன வாடிக்கையாளருடன் நாள்தோறும் பேசும் பணியென்றால் அது நியாயமே. கணக்கெழுதும் பணிக்கு எதற்கு? மொழி வேலைக்குத் தேவையா, வேலியாகத் தேவையா? காரணத்தை விளம்பரத்திலேயே எழுதட்டும்!

சட்டம் காக்காதா எனக் கேட்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 8(2) பிரிவு அரசாங்க வேலைகளில் பாகுபாட்டைத் தடுக்கிறது. கருவுற்றிருந்ததால் தற்காலிக ஆசிரியர் பணி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 2011-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் நீதி வழங்கியது இப்பிரிவின்படியே. தனியார் துறைக்கு அந்தக் காப்பு இல்லை. 2023 சனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின் 69எப் பிரிவும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராற்றையே பேசுகிறது. வேலை கிடைக்காதவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! வாசலில் நிற்பவருக்குக் குடை இல்லை.

பிறரை மட்டும் சாடினால் போதுமா? பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நம்மவர் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கு நேர்காணல் எப்படி நடக்கிறது? “எந்த ஊர்? யார் மகள்? கல்யாணம் ஆகிவிட்டதா?” இவற்றுள் எந்தக் கேள்வி வேலையைப் பற்றியது? ஒரு மாதத்திற்கு மேற்பட்ட பணிக்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும் என்பது சட்டம். எத்தனை கடைகளில் அது தரப்படுகிறது?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

1. விளம்பரத்தில் வேலையையும் சம்பளத்தையும் தெளிவாக எழுதுக.
2. முதற்கட்டத் தேர்வில் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுத் தகுதியை மட்டும் பார்க்க.
3. எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த திட்டப்படி இருவர் தனித்தனியே புள்ளி இடுக.
4. பேச்சைக் கேட்டு மயங்காமல், அரை மணி நேரம் அந்த வேலையையே செய்யச் சொல்லிப் பார்க்க.
5. தேர்வு பெறாதவருக்கும் முடிவைத் தெரிவிக்க.

இவை ஆசிரியர்கள் வகுப்பறையில் அன்றாடம் கடைப்பிடிக்கும் முறைகளே. பத்து வயதுப் பிள்ளையின் கட்டுரைக்கே அளவுகோல் வைத்துப் புள்ளி இடுகிறோம். ஒருவரின் வாழ்க்கையை முடிவுசெய்யும் நேர்காணலுக்கு அளவுகோல் வேண்டாமா?

பெற்றோர்களே, உங்களுள் கடை முதலாளிகள் உண்டு. நிறுவன மேலாளர்கள் உண்டு. நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துக் கவலைப்படுகிறீர்கள். அடுத்த முறை உங்கள் மேசைக்கு எதிரே ஒரு விண்ணப்பதாரர் வந்து அமரும்போது, அவரும் யாரோ ஓர் ஆசிரியர் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளை என்பதை மறவாதீர்கள்.