அம்மா கண்காணிப்பாளர்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் என் அக்கா அன்று அழைத்தபோது குரலே சரியில்லை. "ஒரு பாரத்துல கையெழுத்துப் போடணும். கை வரமாட்டேங்குது" என்றார்.

அக்கா மகனுக்கு 15 வயது. அங்கே அந்த வயதிலேயே கற்றுக்கொள்பவருக்கான ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம். அதற்கான சாலை விதித் தேர்வில் 50 கேள்விகள். 40 சரியாக இருந்தால் தேர்ச்சி. 18 வயதைத் தாண்டியவர்கள் அலுவலகத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். (பெரியவர்களைத்தான் நம்பமாட்டார்கள் போலும்!) ஒரே நிபந்தனை: பெற்றோரோ பாதுகாவலரோ தேர்வைக் கண்காணித்ததாகக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

அக்கா ஆசிரியர் மகள். பையனின் கைப்பேசியை வாங்கி வைத்தார். புத்தகத்தை வேறு அறையில் பூட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஒரு கேள்வி வரும்வரை. பள்ளிப் பேருந்து ஒன்று சிவப்பு விளக்கைப் போட்டு, 'ஸ்டாப்' பலகையை நீட்டி நிற்கிறது. நீங்கள் எதிர்த்திசையில் வருகிறீர்கள். நடுவில் தடுப்பு இல்லை, மஞ்சள் கோடு மட்டும்தான். நிற்க வேண்டுமா?

பையன் 'வேண்டாம்' என்று குறித்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். ஃபுளோரிடாவில் அப்படிப்பட்ட சாலையில் இரு திசை வண்டிகளும் நின்றாக வேண்டும். பிள்ளைகள் குறுக்கே ஓடி வருவார்கள். தினமும் ஓட்டும் அக்காவுக்கு இது தெரியாதா? விடையைச் சொல்லவில்லை. "நல்லா படிச்சுப் பாருடா" என்று மட்டும் சொன்னார். அவன் விடையை மாற்றினான்.

மதிப்பெண் சரியாக 40.

"நான் காப்பியடிக்கவா சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டார். பதில் அவருக்கே தெரிந்திருந்தது. கைப்பேசி கூடாது, புத்தகம் கூடாது, வேறு இணையப் பக்கம் திறக்கக்கூடாது என்று விதி எழுதிவிடலாம். 'நல்லா படிச்சுப் பாருடா' என்பதற்கு எப்படி விதி எழுதுவது?

இங்கே சிங்கப்பூரில் கார் ஓட்டக் கற்பவர்களுக்கு அந்தத் தர்மசங்கடம் இல்லை. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வுக்கு ஓட்டுநர் பயிற்சி நிலையத்துக்கே போக வேண்டும். 50 நிமிடங்கள், 50 கேள்விகள், 45 சரியாக வேண்டும். தேதி கிடைக்காமல் அலுத்துப்போன என் சக ஊழியர், "இதையும் வீட்லயே வச்சா என்ன?" என்கிறார். மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அப்படித்தானே நடக்கிறது? 2022 ஜனவரி முதல் அந்த இணையத் தேர்வில் தேறாமல் அவற்றை ஓட்ட முடியாது.

எங்கள் புளோக்கில் ஓர் அங்கிள் மின்சைக்கிளுக்காக அந்தத் தேர்வை எழுதினார். கண் கண்ணாடியைத் தேட, பேத்தி கேள்விகளைப் படிக்க, பிறகு அவளே அழுத்த... "நாங்க பாஸ்!" என்று மின்தூக்கியில் சந்தோஷமாகச் சொன்னார். அந்த 'நாங்க' அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுவாரம் நடைபாதையில் என்னை உரசிக்கொண்டு போனார். மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டக்கூடாது என்பது பேத்திக்குத் தெரியும். அவளுக்கு 11 வயது. ஓட்டுவது அவள் இல்லை.

சக ஊழியரிடம் இதைச் சொன்னேன். தேதிக்குக் காத்திருப்பது எரிச்சல்தான். ஆனால் கார் விஷயத்தில் அந்த எரிச்சலை நான் பொறுத்துக்கொள்வேன்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. பையனை அலுவலகத்துக்கு அழைத்துப்போய் மறுபடி எழுத வைத்தார். 44. மூன்று நாள் அவன் அம்மாவோடு பேசவில்லையாம். இப்போது அவன் ஓட்ட, சட்டப்படி பக்கத்து இருக்கையில் உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அது அக்காதான். அங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.