‘ஈ’ தரத்துப் பிள்ளைகளும் நம் வீட்டுத் தராசும்

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ பயானில் ஜப்பானிய அனிமேத் தொடர்களைக் கண்டித்து ஒரு மௌலவி உரையாற்றக் கேட்டோம். பத்து நிமிட உரை. சூனியம் இருக்கிறது, சிலை இருக்கிறது, ஆடைக் குறைவு இருக்கிறது. ஆகவே பிள்ளைகளின் கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள் என்று முடித்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். இவர் ஒரு பகுதியைக்கூடப் பார்த்ததில்லை என்பதே அப்புன்னகையின் பொருள்.

மௌலவி குறிப்பிட்ட குறைகள் அத்தொடர்களில் உள்ளவைதாம். அவற்றை மறுப்பதற்காக நாம் எழுதவில்லை. ஆனால் நோய் வேறிடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் தடவப்படுகிறது. அந்த நோயைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் நமக்கும் பங்குண்டு என்பதே நம் வழக்கு.

பார்த்திராத பெற்றோருக்காகக் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். ‘சோலோ லெவலிங்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். சுகோங் என்ற புனைபெயரில் எழுதும் கொரிய எழுத்தாளரின் 2016-ஆம் ஆண்டு இணைய நாவல் அது. பின்னர் சித்திரக் கதையாகி, 2024 ஜனவரியில் ஜப்பானில் அனிமேயாக வெளிவந்தது. தமிழ்க் குரலிலும் கிடைப்பதால் நம் வீடுகளுக்குள் எளிதாக வந்துவிட்டது. அரக்கர்கள் நிறைந்த நிலவறைகளின் வாயில்கள் உலகெங்கும் திறக்கின்றன; அவற்றுள் சென்று போரிடும் ‘வேட்டையர்’ ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிக்கப்படுகின்றனர். உச்சியில் ‘எஸ்’, அடியில் ‘ஈ’. அந்தத் தரம் ஆற்றல் விழித்த நாளிலேயே முடிவாகிவிடும். உழைத்து ஏற வழியில்லை.

கதாநாயகன் சுங் ஜின்வூ ‘ஈ’ தரத்தான். அந்தத் தரத்திலும் கடைசி. தந்தை பத்தாண்டுகளுக்கு முன் காணாமற்போனவர்; தாய் நீங்கா உறக்க நோயில் மருத்துவமனையில் கிடக்கிறார்; தங்கை படிக்க வேண்டும். மருத்துவச் செலவுக்காக ஒவ்வொரு நாளும் அடிபடப் போகிறான். ஒருநாள் மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டு எழும்போது, அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு பலகை முன்னே தோன்றுகிறது. நூறு தண்டால், நூறு வயிற்றுப் பயிற்சி, நூறு உட்கார்ந்தெழல், பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் என்று அது கட்டளையிடுகிறது. முடித்தால் புள்ளி; தவறினால் இராட்சதப் பூரான்கள் துரத்தும் பாலைவனம். புள்ளி ஏற ஏற வலிமை ஏறுகிறது. இவ்வளவுதான் கதை. இதே அச்சில் வார்த்த கதைகள் ஜப்பானில் எண்ணிறந்தவை.

அவை எங்கிருந்து வந்தன என்பதைக் கவனித்தல் நலம். 2004-இல் தொடங்கப்பட்ட ஒரு ஜப்பானிய இணையதளத்தில் எவர் வேண்டுமாயினும் நாவல் எழுதலாம். அங்கிருந்துதான் இவ்வகைக் கதைகள் வெள்ளமாகப் பெருகின. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றான ‘முஷோகு டென்செய்’யின் நாயகன், வேலையற்று அறைக்குள் அடைபட்டுக் கிடந்த முப்பத்துநான்கு வயது ஆண், வாகனம் மோதி இறந்து வேறோர் உலகில் குழந்தையாய்ப் பிறக்கிறான். இது வெறுங்கற்பனையன்று. 15 முதல் 64 வயது வரையிலானோரில் ஏறத்தாழ 14,60,000 பேர் சமூகத்திலிருந்து விலகி வாழ்கின்றனர் என்று ஜப்பானிய அரசின் மதிப்பீடு 2023-இல் வெளியாயிற்று. கொரியாவிலோ, 2015-ஐ ஒட்டி இளைஞர்கள் தங்களைப் பொன் கரண்டி, மண் கரண்டி என்று வகைபிரித்துப் பேசத் தலைப்பட்டனர். பிறந்த வீடே தலைவிதி என்ற மனக்கசப்பு அது. அந்த மண்ணில் முளைத்தவனே ஜின்வூ.

நம் பிள்ளைகள் அவனிடம் தங்களைக் காண்பதில் வியப்பென்ன? 2017-இல் தமிழக அரசு பொதுத்தேர்வுகளில் முதலிடம் பெற்றோர் பட்டியலை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் அந்தப் பட்டியல் இன்னும் வெளிவந்துகொண்டிருக்கிறது. பெருநாளன்று ஸலாம் சொல்லிய மறுகணமே ‘எத்தனை மார்க்?’ என்று கேட்கும் உறவினர் யார்? மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பெரியப்பா மகனின் பெயரைச் சோற்றுத் தட்டின் முன் எடுப்பவர் யார்? ஒரு பிள்ளையின் நெற்றியில் ‘ஈ’ என்று நாமே எழுதிவிட்டு, ‘ஈ’ தரத்தானின் கதையை அவன் விழித்திருந்து பார்க்கிறான் என்று நாமே குறைப்படுகிறோம்.

மார்க்கக் கல்வியையும் நாம் விட்டுவைக்கவில்லை. மதரஸாச் சுவரில் நட்சத்திர ஒட்டிகள். ரமளானில் யார் எத்தனை ஜுஸ்உ ஓதி முடித்தார் என்று வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் எண்ணிக்கை. தொடர்ச்சி அறுந்தால் வருத்த முகம் காட்டும் ஓதல் செயலிகள். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆயினும் அமல்களைப் புள்ளிக் கணக்காக்கி, அதை நாலு பேர் பார்க்கத் தொங்கவிடும் பழக்கத்தை முகஸ்துதியின் பக்கத்து வீடென்றே நாம் கருதுகிறோம். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை, தண்டாலுக்கு உடனே புள்ளி தரும் பலகையைக் கண்டு மயங்காமல் வேறென்ன செய்வான்? ஃபஜ்ரு தொழுதால் கண்ணெதிரே எந்த எண்ணும் ஏறுவதில்லையே!

இத்தொடர்கள் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது. சிலைக்குத் தலைவணங்கும் காட்சியைப் பற்றி நமக்கு அவ்வளவு அச்சமில்லை. வணங்கியவர்களை அந்தச் சிலையே எழுந்து நின்று கொல்கிறது; தவ்ஹீதைக் கற்ற பிள்ளை அதில் ஏமாற ஒன்றுமில்லை. அஞ்ச வேண்டியது அந்தப் பலகையைத்தான். ஒரு கட்டத்தில், தன்னைக் கொல்லத் துணிந்த வேட்டையர் கூட்டத்தை ஜின்வூ கொல்ல வேண்டும், தவறினால் அவன் இதயம் நின்றுவிடும் என்கிறது பலகை. அவர்கள் கொடியவர்களே, தற்காப்பு என்ற நியாயமும் உண்டு. ஆனால் மனிதரைக் கொல்வதும் பணிப்பட்டியலில் ஒரு வரியாகிறது. கதை அங்கே நின்று கலங்குவதில்லை. பின்னர் அவன் வீழ்த்திய எதிரிகளே ‘எழு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு நிழற்படையாய் எழுந்து ஊழியம் செய்கின்றனர். பிறர் எல்லாரும் நாயகனின் ஏற்றத்திற்கான மூலப்பொருள். தரவரிசை என்னும் ஏணியை அவன் உடைப்பதுமில்லை. அவன் ஒருவன் மட்டும் அதன் உச்சிக்குப் போகிறான். மற்ற ‘ஈ’ தரத்தார் கீழேயே கிடக்கின்றனர்.

2019-இல் வந்த ‘ஷீல்ட் ஹீரோ’ என்னும் தொடர் இன்னும் கீழிறங்குகிறது. பொய்க் குற்றம் சாட்டப்பட்டு அனைவராலும் கைவிடப்பட்ட நாயகன், ஓர் அடிமைச் சிறுமியை விலைக்கு வாங்குகிறான். அவளிடம் அவன் கனிவோடு நடப்பதாகவே கதை காட்டுகிறது. பின்னர் அடிமை முத்திரை நீங்கி அவள் விடுதலை பெறுகிறாள். பெற்ற பின்னும், அந்த முத்திரையைத் தனக்கு மீண்டும் இடும்படி அவளே வேண்டுகிறாள்! பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். அபூபக்ர் (ரலி) அவர்கள் விலைகொடுத்தது விடுதலைக்காக. மக்கா வெற்றி நாளில் அந்தக் கறுப்பு மனிதர் கஅபாவின் மீதேறிப் பாங்கு சொன்னபோது ஏணியே சரிந்தது. ஆடைக் குறைவைக் கண்டு பதறும் நாம், ஓர் அடிமைப் பெண் விலங்கை அன்பாகக் கேட்டு வாங்கும் காட்சியைப் பிள்ளைகள் மனமுருகிப் பார்க்கும்போது அடுத்த அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறோம்.

தாழ்த்தப்பட்டவன் உயரும் கதை நம்மிடம் இல்லாததா? நபி யூசுஃப் (அலை) அவர்கள் கிணற்றில் தள்ளப்பட்டார்கள். அற்ப விலைக்கு விற்கப்பட்டார்கள். அவதூறு சுமந்து சிறை சென்றார்கள். விடுதலையான சிறைத்தோழர் அரசனிடம் சொல்ல மறந்துபோனார். மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன. அந்த ஆண்டுகளில் எந்தப் பலகை அவர்களுக்குப் புள்ளி காட்டிற்று? அதிகாரம் கைக்கு வந்த பின், தானியம் கேட்டு வந்து நின்ற சகோதரர்களை என்ன செய்தார்கள் என்பதை ஒவ்வொரு மதரஸாப் பிள்ளையும் ஒப்பிப்பான். ஒப்பிக்க வைத்ததோடு நாம் நிறுத்திக்கொண்டோம்.

இதையெல்லாம் எழுதுமுன் தொடரைப் பார்த்துவிட வேண்டுமென்று, உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவனோடு இரண்டு இரவுகள் அமர்ந்தோம். பதினைந்து வயது. கணக்கில் தோல்வி. அவன் அத்தா ஷார்ஜாவில் இருக்கிறார். இரவு பத்தரைக்கு அழைப்பார். முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இரண்டாம் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. சிலைகளின் மண்டபத்தில் பலர் மாண்டுவிட்டனர். ஜின்வூ ஒரு காலை இழந்து கிடக்கிறான். வாயில் மூடாதிருக்க எவரேனும் உள்ளே தங்கியாக வேண்டும். கையிழந்த முதியவரிடம், நடக்க இயலாத பெண்ணை அழைத்துக்கொண்டு வெளியேறச் சொல்லிவிட்டு, அவன் தங்கிவிடுகிறான். பலகையும் புள்ளியும் இன்னும் வரவில்லை. கையில் ஆற்றலும் இல்லை. தன்னைப் பார்ப்பவரும் எவருமில்லை. அந்த உலகத்திலேயே மிகப் பலவீனமானவன் அப்போது செய்ததற்கு நிகரான ஒன்றை, அதன்பின் அவன் பெற்ற வலிமையெல்லாம் சேர்ந்தும் செய்யவில்லை என்பது நம் தீர்ப்பு. தாயைக் குணப்படுத்தும் மருந்தை அவன் தேடிப் பெறுவதையும் கணக்கில் கொண்டே இதைச் சொல்கிறோம்.

அதைப் பிள்ளையிடம் சொன்னோம். படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

“இதை ஒரு தடவைதான் பார்த்திருக்கேன் மாமு. மறுபடி பார்க்கிறப்பல்லாம் மூணாவது எபிசோட்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன். அதுலதான் லெவல் ஏற ஆரம்பிக்கும்.”

கைப்பேசி ஒலித்தது. மணி பத்தரை.