மூணு கம்பி பேசுது, ஒண்ணு முனகுது!

மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிடார்க்காரரை யாரும் கவனிப்பதில்லை. பாடகருக்குக் கைதட்டல், டிரம்ஸ்காரருக்கு விசில். ஆனால், இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸை மட்டும் உருவிவிட்டுக் கேளுங்கள். புளி விட மறந்த ரசம்!

விஸ்வநத்தத்தில் பகலெல்லாம் பட்டாசு ஆபீஸ் பில் புக்கோடு மல்லாடிவிட்டு, ராத்திரி ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கும் இளைஞர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். விருதுநகர் பங்குனிப் பொங்கல் கச்சேரிக்கு இன்னும் பத்தே நாள். மூன்று கம்பி கணீர். தடித்த 'ஈ' கம்பி மட்டும் முனகல். 'பிக்கப் போச்சு, மாத்திடுங்க' என்கிறார் ஒருவர். பாதிச் சம்பளம் காலி!

பொறுங்க பிரதர். முதல் சந்தேகம் கிடார் மேல் வேண்டாம், ஸ்பீக்கர் மேல் வரட்டும். 'ஈ' கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. வீட்டுக் குட்டி ஸ்பீக்கருக்கு அத்தனை கீழே இறங்கத் தொண்டை கிடையாது. பெரிய பெட்டியில் போட்டுக் கேளுங்கள்.

அங்கேயும் முனகலா? கம்பியைப் பாருங்கள். சுற்றுக்குள் வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் குரல் மங்கும். ஒன்றை மட்டும் மாற்றாமல், நாலையும் ஒரே செட்டாக மாற்றுங்கள்.

அடுத்தது கழுத்து. பட்டாசுக்குத் தோதான வறண்ட காற்று மரத்துக்கு ஆகாது. ஈரம் போனால் மரம் சுருங்கும், கழுத்தின் வளைவு மாறும். முதல் ஃப்ரெட்டையும், கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் விசிட்டிங் கார்டு நுழைகிற சந்து இருந்தால் போதும். (சிவகாசிப் பக்கம் கார்டுக்கா பஞ்சம்?) சந்து பெரிசா? டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று முடுக்குங்கள். சந்தே இல்லையா? இடப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் வீரம் வேண்டாம். ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். அப்புறம் பிரிட்ஜில் கம்பி உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

பிக்கப் கடைசியில்தான். அதற்கு சங்கீதம் தெரியாது. காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஆடினால் சுருளில் கரண்ட் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்ட சமாசாரத்தின் வாரிசு. கம்பி நெருங்கினால் சத்தம் கூடும். முனகும் பக்கத்து ஸ்குருவைத் திருகி பிக்கப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கத்தும் பக்கத்தைத் தாழ்த்துங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் 2 - 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ரொம்ப ஒட்டினால் காந்தம் கம்பியையே இழுக்கும், சுருதி கோணும்.

இந்த வரிசை முக்கியம். கழுத்தைத் தொட்டால் கம்பி உயரம் மாறும். அது மாறினால் பிக்கப் இடைவெளியும் மாறும். தலைகீழாகச் செய்தால் மறுபடி முதலிலிருந்து!

பிக்கப் இரண்டு துண்டாக இருந்து, ஒரு துண்டின் மேலுள்ள இரண்டு கம்பியும் சேர்ந்து ஊமையானால், அப்போது சுருளையோ ஒயரையோ சந்தேகப்படலாம். அதுவரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

ஒன்று மட்டும். இதையெல்லாம் கச்சேரிக்கு முதல் நாள் ராத்திரி ஆரம்பிக்காதீர்கள். மரம் ஓவர்டைம் பார்க்காது!