வரைந்தால் மட்டும் போதுமா?

“வரைகிறாயா, ஆய்வு செய்கிறாயா, பாடம் நடத்துகிறாயா? ஏதாவது ஒன்றை முடிவு செய்” என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அக்கறையில்தான் சொன்னார்கள். அப்போதெல்லாம் எனக்கு டேவிட் டிரிஸ்கெல் நினைவுக்கு வருவார்.

1931இல் ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பின ஓவியர் அவர். 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை மிசிசிப்பியில் வெள்ளையர்கள் கொடூரமாகக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே, மகனின் உடலை ஏந்திய தாயாக ‘அதோ, உன் மகன்’ ஓவியத்தை வரைந்தார் டிரிஸ்கெல்.

வரைந்தாயிற்று. எந்தச் சுவரில் மாட்டுவது? பெரிய அருங்காட்சியகங்களில் எது தொங்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்த முடிவெடுக்கும் இடத்துக்கே அவர் போனார். 1976இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில், கறுப்பின அமெரிக்கக் கலையின் இரண்டு நூற்றாண்டுகளைக் கண்காட்சியாகத் தொகுத்தார். 200க்கும் மேற்பட்ட படைப்புகள் அட்லாண்டா, டல்லாஸ், புரூக்ளின் வரை பயணித்தன.

அங்கேயும் விடவில்லை. இது கலையா, வெறும் சமூக வரலாறா என்று 1977இல் நியூயார்க் டைம்ஸில் கேட்டார் விமர்சகர் ஹில்டன் கிராமர். தலித் எழுத்தைப் பார்த்து ‘இது இலக்கியமா, வாக்குமூலமா’ என்று கேட்கும் குரலை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

இந்தக் கேள்விக்கு ஒரு கண்காட்சியால் பதில் சொல்லி முடிக்க முடியாது. பார்க்கும் கண்களையே பழக்க வேண்டும். அதற்குத்தான் வகுப்பறை. டலடேகா, ஹோவர்ட், ஃபிஸ்க், மேரிலாந்து என 1955இலிருந்து 1998 வரை அவர் கற்பித்தார்.

இதற்கு விலையும் உண்டு. பிறர் படைப்புகளைச் சுவரேற்றியவரின் சொந்தப் படைப்புகளை ஒருசேரக் காட்டும் கண்காட்சி 2021இல் அட்லாண்டாவின் ஹை அருங்காட்சியகத்தில் திறந்தபோது, பார்க்க அவர் இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனா தொற்றுக்குப் பலியாகியிருந்தார்.

ஆகவே, ‘மூன்று துறையிலும் சாதித்தவர்’ என்று அவரைப் புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. ஒதுக்கப்பட்டவர்களுக்கு மூன்றும் தேவைப்பட்டன. மூன்றையும் ஒருவரே சுமந்தார். தோழர்களே, நம்மில் வரைகிறவர்கள் நிம்மதியாக வரைய வேண்டுமானால், தேர்வுக் குழுவிலும் பாடத்திட்டக் குழுவிலும் நம்மவர்கள் உட்கார வேண்டும். ஒரே ஆளாக அல்ல, பல பேராக.