நாற்பதா, எழுபதா?

பழைய சேட்டக் ஸ்கூட்டரின் 'டர்ர்ர்' ஞாபகமிருக்கிறதா? 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா ஸிடி 100-ன் முணுமுணுப்பு? (இல்லையென்றால் அப்பாவைக் கேட்கவும்.) முன்னது டூ ஸ்ட்ரோக். சுற்றுக்கு ஒரு வெடி. பின்னது ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒன்று. ரேடியோ கண்ட்ரோல் விமானங்களிலும் இதே பங்காளிச் சண்டை உண்டு. 1976-ல் ஜப்பானின் ஓ.எஸ். கம்பெனி எஃப்.எஸ்-60 எஞ்சினைக் கொண்டுவந்த நாளிலிருந்து!

ஆபீஸில் என் பக்கத்து ஸீட் தம்பி ஏழு மாதமாக பால்ஸா குச்சிகளை ஒட்டி ஒரு பைப்பர் கப் கட்டியிருக்கிறார். ஆறடிக்கு மேல் சிறகு. பிளானில் 'டூ ஸ்ட்ரோக் 40' என்றிருக்கிறது. இவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் வேண்டுமாம். கையில் ஒரு எஞ்சினுக்குத்தான் பணம். தை மாதம் கல்யாணம். அதற்கப்புறம் நிதி இலாகா கை மாறிவிடும்.

"பேட்டரி மோட்டார் போடேன்ப்பா. சுத்தம், சுலபம்."

"கப்புன்னா கப் மாதிரி கேக்கணும் சார்."

நியாயம்தான். நிஜ கப்பில் உறுமியதும் ஃபோர் ஸ்ட்ரோக்தானே.

சரி, எந்த சைஸ்? 40 என்றால் 0.40 கன அங்குலம், சுமார் 6.5 ஸிஸி. அதே 40-ஐ ஃபோர் ஸ்ட்ரோக்கில் வாங்கினால் விமானம் ஓடுபாதையில் வாக்கிங் போகும். பாதித் தடவைதானே வெடிக்கிறது! அதற்காக 80-க்குத் தாவ வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் நிதானமாக மூச்சிழுப்பதால் ஒன்றரை மடங்கு போதும். 52-லிருந்து 60 வரை.

தம்பிக்குக் கண் 70 மேல். "பவர் ஜாஸ்தி சார்!" ஜாஸ்திதான். ஆனால் அது 13 அங்குல புரொப்பெல்லர் கேட்கும். ஸ்கேல் வைத்துத் தரைக்கு எவ்வளவு இடைவெளி என்று அளந்துவிட்டு அப்புறம் பேசு என்றேன். அளந்தார். 52-க்கு இறங்கி வந்தார். ஃபோர் ஸ்ட்ரோக் கொஞ்சம் கனம் என்பார்கள். கப்புக்கு அது அதிர்ஷ்டம். குட்டை மூக்கு, எப்படியும் பாலன்ஸுக்கு ஈயம் வைக்க வேண்டியிருக்கும்.

செகண்ட் ஹாண்ட் வாங்கினால் கையால் சுற்றிப் பாருங்கள். 'கரகர' என்றால் பேரிங்கில் துரு. மெதனால் ஈரத்தை உறிஞ்சும். ஃபோர் ஸ்ட்ரோக்கின் வயிற்றுக்குள் அது தங்கிவிடும். வால்வு இடைவெளியையும் பாருங்கள். ஜெராக்ஸ் பேப்பர் கனத்தைத் தாண்டக்கூடாது. பிளக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு என்றே விற்பதை வாங்கவும். வெடியில்லாத சுற்றிலும் அது சூடு ஆறாமல் இருக்க வேண்டும்.

ஊசியைத் திருகி எரிபொருளை ரொம்பக் குறைத்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து புரொப்பெல்லரையே கழற்றி வீசும். அதனால் இரட்டை நட்டு கட்டாயம். முதல் ஸ்டார்ட்டுக்கு வருங்கால மாமனாரை அழைத்திருக்கிறாராம். அவரை எஞ்சினுக்குப் பின்னால் நிற்க வைக்கச் சொல்லியிருக்கிறேன்.